ரஸ்ட் நிரல்மொழியில் பெரிய அரே: ஸ்டாக்கைத் தொடாமல் ஹீப்பில் வைப்பது எப்படி?

கேள்வி (கொடைக்கானல்):
சூரியப் படம் ஒன்றுக்கு 2048×2048 யு16 (16 பிட் முழு எண்) அரே. அதை ஹீப்பில் (தேவைக்கேற்ப ஒதுக்கும் பெரிய நினைவகப் பகுதி) வைக்க பாக்ஸ் நியூவுக்குள்தான் கொடுக்கிறேன். டீபக் பில்டில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ (ஃபங்ஷன்களின் வரம்புள்ள தற்காலிக நினைவகம் நிரம்பி வழிவது), ஆப்டிமைஸ் செய்த ரிலீஸ் பில்டில் ஓடுகிறது. யூலிமிட்டை (ஸ்டாக் வரம்பை மாற்றும் ஷெல் கட்டளை) ஏற்றினால் போதுமா?

பதில் (குன்னூர்):
பாக்ஸ் நியூ சாதாரண ஃபங்ஷன்தான். அரே முதலில் ஸ்டாக்கில் உருவாகி, பிறகே ஹீப்புக்குப் போகும். உங்களுடையது 83,88,608 பைட். லினக்ஸில் மெயின் த்ரெட்டின் (நிரலின் முதன்மை ஓட்டம்) வழக்கமான ஸ்டாக் வரம்பும் அதே 8 எம்பி. ரிலீஸில் ஆப்டிமைசர் அந்த நகலை நீக்கியிருக்கும், ஆனால் உத்தரவாதம் கிடையாது. ஹீப்பிலேயே நேராகப் பட்டியல் உருவாக்கும் வெக் மேக்ரோவில் மதிப்பு 0, நீளம் 41,94,304 கொடுங்கள். அதன் மேல் இன்டு பாக்ஸ்டு ஸ்லைஸ், அடுத்து ட்ரை இன்டு மெத்தட்களை அழைத்து, நிலையான நீள அரேயின் பாக்ஸாக மாற்றுங்கள். நீளம் பொருந்தினால் தரவு நகராது, டைப் மட்டும் மாறும்.

பதில் (கோத்தகிரி):
யூலிமிட் வேண்டாம். நிரலில் புதிதாக ஸ்பான் செய்யும் (தொடங்கும்) த்ரெட்டுக்கு ஸ்டாக் வழக்கமாக 2 எம்பிதான், அதை யூலிமிட் மாற்றாது. இன்னொன்று: பாக்ஸின் முன் நட்சத்திரம் போட்டு லெட் மாறியில் வாங்கிவிடாதீர்கள். மொத்த அரேயும் திரும்ப ஸ்டாக்குக்கே வந்துவிடும், ரெஃபரன்ஸாக (நகலெடுக்காமல் சுட்டிக்காட்டுவது) எடுங்கள்.