சென்னையில் பேச்சிலர் பார்ட்டி: நம்ம ராமநாதபுரம் கடற்கரைக்காரர்கள் போய் வந்த கதைகள்

பனைக்குளத்தான்:
எங்கள் செட்டில் முதல் கலியாணம். மாப்பிள்ளை சவூதியிலிருந்து வருகிறான், வந்த மறுவாரமே நாள் குறித்துவிட்டார்கள். ஊரில் பார்ட்டி வைத்தால் விடிவதற்குள் நாலு தெருவுக்குச் செய்தி போய்விடும். அதனால் சென்னை என்று முடிவு. பத்துப் பேர், எல்லாருமே ஆண்கள். இரண்டு பேர் அங்கே வேலை பார்க்கிறார்கள். மற்றவர்களுக்குச் சென்னை என்றால் எழும்பூர் ஸ்டேஷனும் ஏர்போர்ட்டும்தான். போய் வந்தவர்கள் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். "என்ஜாய் ப்ரோ" என்று மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

மண்டபம் கேம்ப்:
"எல்லாருமே ஆண்கள்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தலைவலியே அதுதான். மற்றதெல்லாம் பணம் இருந்தால் நடந்துவிடும். ஒரு ஆண்கள் கும்பலை மொத்தமாக உள்ளே விடுகிற வாசலைக் கண்டுபிடிப்பதுதான் பாடு.

நாங்கள் நுங்கம்பாக்கத்தில் ஒரு பப்பில் போன் பண்ணி மேசை சொல்லி வைத்திருந்தோம். பெயர், நேரம், எத்தனை பேர், எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. சனிக்கிழமை ராத்திரி போய் நின்றால் வாசலில் கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் எங்களைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "ஸ்டாக் என்ட்ரி கிடையாது சார், கப்பிளா வாங்க" என்றார். எங்கள் கூட்டத்தில் ஒருவன் ரொம்ப நிதானமாகக் கேட்டான்: "அண்ணே, மாப்பிள்ளைக்கே அடுத்த வாரந்தான் கலியாணம். அதுக்குள்ள கப்பிளா எப்படிண்ணே வர்றது?" அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கதவு மட்டும் திறக்கவில்லை.

பெண்கள் இல்லாமல் வரும் கூட்டத்தை (அதுதான் அவர் சொன்ன "ஸ்டாக்") விடுவதில்லை என்பது சென்னையில் பல பப்புகளில் இருக்கிற வழக்கம். சில இடங்களில் தலைக்கு இவ்வளவு என்று கவர் சார்ஜ் வாங்கிக்கொண்டு விடுவார்கள், அதைச் சாப்பாட்டு பில்லில் கழித்துக்கொள்வதும் உண்டு. சில இடங்களில் வார நாளில் விடுவார்கள், சனி ஞாயிறு விடமாட்டார்கள். அதனால் போனை எடுத்ததும் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "பத்து ஆம்பளைங்க, லேடீஸ் யாரும் இல்ல, விடுவீங்களா?" ஆமாம் என்றால் அதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாரும் ஷூ போட்டு வாருங்கள். எங்களில் இரண்டு பேர் செருப்பு. மற்றது தீர்ந்திருந்தாலும் அவர்கள் வெளியேதான் நின்றிருப்பார்கள். 21 வயது முடியாத யாரையும் சேர்க்காதீர்கள், தமிழ்நாட்டில் குடிக்கச் சட்டப்படியான வயது அதுதான். மாப்பிள்ளையோட தம்பி என்றெல்லாம் ஆதார் அட்டையில் போட்டிருக்காது.

அப்புறம் எங்கே போனோம்? எழும்பூர்ப் பக்கம் ஒரு பழைய ஹோட்டல். மாடியில் பார், அதை ஒட்டி ஒரு ஏசி அறை, நீளமான மேசை. டிஜேயும் கிடையாது, சுழல்கிற லைட்டும் கிடையாது. எங்கள் பேச்சைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்த சர்வர், "ராம்நாடு பக்கமாண்ணே?" என்றார். அவருக்கு முதுகுளத்தூர். அதற்கப்புறம் எங்கள் மேசைக்கு வந்த வஞ்சிர வறுவலின் அளவே வேறு. என்னைக் கேட்டால் பத்து ஆம்பளைகளுக்கு அந்த மாதிரி இடம்தான் தோது. பப்பில் பக்கத்தில் இருப்பவன் பேசுவது காதில் விழாது. வருஷக்கணக்கில் வெளிநாட்டில் கிடந்தவனோடு பேசத்தானே கூட்டம் சேர்கிறீர்கள்?

பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு வரி இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். அது கட்டாயம் கிடையாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே அறிவித்துவிட்டது. நாங்கள் எடுக்கச் சொல்லி, அந்தப் பணத்தை முதுகுளத்தூர்க்காரர் கையில் கொடுத்தோம்.

வண்டி விஷயம். ஊரிலிருந்து யாராவது கார் கொண்டுவந்தால் சாவியை அறையிலேயே வைத்துவிடுங்கள். குடித்துவிட்டு ஓட்டி மாட்டினால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய். மெட்ரோ ராத்திரி 11 மணி வரை ஓடுகிறது, அதற்கு மேல் கால் டாக்ஸி.

பனைக்குளத்தான்:
இதை முன்கூட்டியே சொன்னதற்கு நன்றி அண்ணே. எங்கள் லிஸ்டில் இருந்த இரண்டு இடத்துக்கும் இப்போதுதான் போன் போட்டோம். இரண்டிலும் "கப்பிளா வாங்க". இன்னொரு சிக்கல், பத்தில் நாலு பேர் குடிக்கவே மாட்டார்கள். அவர்களை ஓரமாக உட்காரவைத்துக் கடலை கொறிக்கச் சொல்வதா?

கீழக்கரை காக்கா:
எங்கள் கூட்டத்தில் ஒருவர்கூடக் குடிப்பதில்லை. மாப்பிள்ளையும் அப்படித்தான். "அப்புறம் எதுக்குடா சென்னை?" என்று வாப்பா கேட்டார். ஆனால் நாங்கள் போட்ட ஆட்டத்தை ஊரில் போட்டிருக்க முடியாது.

முதலில் ரயில் டிக்கெட். சேது எக்ஸ்பிரஸோ போட் மெயிலோ, இரண்டுமே ராத்திரி ராமநாதபுரத்தில் ஏறினால் காலையில் சென்னை. ஒரு டிக்கெட்டில் ஆறு பேர்தான் போட முடியும். பத்துப் பேருக்கு இரண்டு டிக்கெட்டாகப் பிரிந்துவிடும், பெட்டியும் மாறிவிடலாம். இரண்டு போனில் ஒரே நேரத்தில் உட்கார்ந்து போடுங்கள். முன்பு மாதிரி 120 நாளுக்கு முன்னால் போட முடியாது, 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். பஸ் என்றால் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுவார்கள், அங்கிருந்து நகரத்துக்குள் போவதே தனிப் பயணம்.

போன அன்று பகலில் மால் ஒன்றில் பௌலிங். அப்புறம் ஈசிஆரில் கோ-கார்ட். துபாயில் கிரேன் ஓட்டுகிற மச்சான் ஒருத்தர் எங்கள் எல்லாரிடமும் தோற்றார், இன்று வரை வண்டியில் கோளாறு என்கிறார். வெயில் தாழ்ந்ததும் முட்டுக்காட்டில் படகு. அதை மட்டும் நீங்கள் விட்டுவிடலாம். கடலைப் பார்த்தே வளர்ந்தவனைக் காயலில் உட்காரவைத்துச் சுற்றிக் காட்டினால் அவன் என்ன செய்வான், கொட்டாவி விட்டான்.

ராத்திரிதான் விசேஷம். மண்ணடி, பாரிமுனை, பர்மா பஜார்ப் பக்கம் நடந்தே சுற்றினோம். தள்ளுவண்டியில் அத்தோ, பேஜோ, முட்டைக்குள் வெங்காயம் வைத்து ஒன்று, கூடவே வாழைத்தண்டு சூப். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. தலைக்குச் செலவானதைக் கேட்டால் பப்புக்குப் போனவர்கள் அழுதுவிடுவார்கள். நடு ராத்திரியில் அறைக்கு வந்து, மாப்பிள்ளையின் உம்மா கட்டிக் கொடுத்த தொதல் இனிப்பைப் பிரித்து வட்டமாக உட்கார்ந்தோம். அப்போதுதான் மாப்பிள்ளை வாயைத் திறந்தார். பெண்ணிடம் போனில் என்ன பேசுவது என்றே தெரியவில்லை, "சாப்டீங்களா"வோடு நின்றுபோகிறது என்றார். கலியாணம் ஆன மச்சான்மார் மூன்று பேர் போட்டி போட்டு யோசனை சொன்னார்கள். ஒன்றுகூட உருப்படியில்லை. ஆனால் சிரித்துச் சிரித்துப் பக்கத்து அறைக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

ஆக, குடிக்காத நாலு பேரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பகலை எல்லாருக்குமாகப் போடுங்கள், ராத்திரி இரண்டு மணி நேரம் பிரிந்து போங்கள், திரும்ப ஒரே அறையில் சேருங்கள்.

தொண்டிக்காரி:
பெண்கள் பக்கத்தையும் ஒருத்தி சொல்ல வேண்டுமே. என் தோழிக்குக் கலியாணம் நிச்சயமானதும் நாங்கள் ஆறு பேர் சென்னையில் ஒருநாள் வைத்தோம். எல்லாரும் ஓஎம்ஆரில் வேலை. பாதிப் பேர் ஹாஸ்டல், ராத்திரி கேட் பூட்டிவிடுவார்கள். அதனால் சோழிங்கநல்லூரில் ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட் எடுத்தோம். வீட்டுக்காரர் எங்கள் ஆதார் அட்டைகளை வாங்கி வைத்துக்கொண்டு, "ஜென்ட்ஸ் யாராவது வருவாங்களாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றோம். கொஞ்ச நேரம் கழித்து வாட்ச்மேன் வந்து அதையே கேட்டார். அப்புறம் வீட்டுக்காரரின் மனைவி போனில். மூன்று பேருக்கும் ஒரே பதில். கேக் கொண்டுவந்த டெலிவரிப் பையனை லிஃப்டிலேயே நிறுத்திவிட்டார்கள்.

மண்டபம் கேம்ப் அண்ணன் கதையைப் படித்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த வாசலின் மறுபக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். வார நாள், பெண்களுக்கு இலவசம் என்று ஒரு இடத்தில் போட்டிருந்தார்கள். போய்ப் பார்க்கலாம் என்று போனோம். வெளியே ஒரு ஆண்கள் கூட்டம், எல்லாரும் ஒரே மாதிரி டீ-ஷர்ட், முதுகில் "மாப்பிள்ளை டீம்". ஒருத்தன் தயங்கித் தயங்கி வந்து, "சிஸ்டர், தப்பா நினைக்காதீங்க. உள்ள போற வரைக்கும் எங்களோட வந்த மாதிரி நில்லுங்க, உள்ள போனதும் நாங்க யாரோ நீங்க யாரோ" என்றான். பின்னால் மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நின்றார், பாவமாகத்தான் இருந்தது. முடியாது என்று சொல்லிவிட்டோம். தம்பிமார்களே, உங்களுக்கு அது வேடிக்கை. உள்ளே போய் ஒருவன் கலாட்டா செய்தால் யாரோடு வந்தவன் என்று எங்களைத்தான் கேட்பார்கள். அந்த யோசனை உங்கள் லிஸ்டில் இருந்தால் அடித்துவிடுங்கள்.

நாங்களும் உள்ளே அரை மணி நேரம்தான் இருந்தோம். சத்தம் தாங்கவில்லை. அபார்ட்மென்டுக்கு வந்து, மருதாணி வைத்துக்கொண்டு, கல்யாணப் பெண்ணின் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு எல்லார் முகத்தையும் காட்டி முடித்த பிறகு, எங்கள் ராத்திரி தொடங்கியது. அதற்கு மேல் இங்கே எழுத முடியாது.

தங்கச்சிமடம்:
நீங்கள் எல்லாரும் சென்னைக்கு ஓடுகிறீர்கள், சென்னைப் பையன்கள் இங்கே ஓடி வருகிறார்கள். நான் ராமேஸ்வரத்தில் ஒரு தங்கும் விடுதியில் வரவேற்பில் உட்காருகிறவன். பேச்சிலர் பார்ட்டி என்று வரும் கூட்டம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "தனுஷ்கோடியில நைட் கேம்ப் ஃபயர் போடலாமா?" 1964 புயலில் அழிந்த ஊர், ராத்திரி ஆள் நடமாட்டம் இருக்காது, ஜாலியாக இருக்கும் என்ற எண்ணம். 2017இல் அரிச்சல்முனை வரை ரோடு வந்ததிலிருந்து இந்த ஆசை கூடிவிட்டது. பொழுது சாய்ந்தால் வண்டிகளை உள்ளே விடமாட்டார்கள், உள்ளே இருப்பவர்களையும் போலீஸ் வெளியே அனுப்பிவிடும். முனையில் நீரோட்டம் மோசம், குளிக்கவும் கூடாது.

ஒரு கூட்டம் அதையும் தாண்டியது. இன்ஸ்டாகிராமில் எதையோ பார்த்துவிட்டு, ஸ்பீக்கர், ஐஸ் பெட்டி, சாப்பாடு எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, ராத்திரிக்கு ஒரு தீவுக்குக் கொண்டுபோய் விடச் சொல்லிப் பாம்பனில் ஒரு வள்ளக்காரரிடம் பேரம் பேசினார்கள். மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளும் 1986இலிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை பகலில் கூட்டிப்போகிற குருசடை போன்ற இடம் தவிர, நினைத்தபடி இறங்க முடியாது. வள்ளக்காரர் சொன்ன பதிலை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்: "தம்பி, வள்ளத்தப் பிடிச்சு வச்சுட்டா நீங்க மெட்ராஸுக்குப் போயிருவீக. நான் எங்க போறது?"

அந்தக் கூட்டத்தை மறுநாள் காலை பிரப்பன்வலசைக்கு அனுப்பினேன், கயாக் ஓட்டினார்கள். அப்புறம் காரங்காட்டில் வனத்துறைப் படகில் அலையாத்திக் காட்டுக்குள் ஒரு சுற்று, சாயங்காலம் அரியமான் கடற்கரை. போகும்போது மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டார். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன்தான் கிடைக்கும், விலையும் ஏறியிருக்கும். மீனுக்காக வருகிறவர்கள் அந்த மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

பனைக்குளத்தான், உங்கள் மாப்பிள்ளை வெளிநாட்டில் கிடந்தவன். சென்னைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்று அவன் கேட்டானா, செட்டு கேட்டதா?

பனைக்குளத்தான்:
செட்டுதான் கேட்டது. அவனிடம் கேட்டேன், "எங்க வேணா போலாம், செலவ நான் பாத்துக்கறேன்" என்கிறான். அதுதான் இப்போது உறுத்துகிறது.

தேவிபட்டினம்:
சபுராளி, அதாவது வெளிநாட்டில் சம்பாதிக்கிறவன், அப்படித்தான் சொல்லுவான். விட்டீர்கள் என்றால் கலியாணச் செலவுக்கு மேல் இதுவும் அவன் கணக்கில் ஏறும். வாயைத் திறந்து வேண்டாம் என்றும் சொல்லமாட்டான். எங்கள் செட்டில் மாப்பிள்ளையைத் தவிர மற்ற எல்லாரும் போடுவது என்று வைத்தோம். ஆளுக்குச் சமமாகப் போடவில்லை. படகில் கூலிக்குப் போகிறவனும் ஐடியில் இருப்பவனும் ஒரே தொகை போட முடியாது. அதனால் ரயில், அறை, சாப்பாடு மட்டும் பொது. குடி அவரவர் பில். இதைக் கிளம்பும் முன்பே குரூப்பில் எழுதிப் போட்டுவிட்டோம், ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. பணம் ஒருத்தன் கையில், கணக்கு இன்னொருத்தன் கையில். அப்புறம் தருகிறேன் என்று சொன்னவனிடமிருந்து மட்டும் இன்னும் வரவில்லை, அது வராது.

மிச்சம் விழுந்ததைக் கலியாண பிளக்ஸுக்குக் கொடுத்தோம். கணக்கு எழுதிய என் படத்தை மட்டும் அதில் போட மறந்துவிட்டார்கள்.