நடித்தவரே தன் படத்தைப் பார்க்க மாட்டேன் என்றால் அது திமிரா, கூச்சமா?

கிருஷ்ணகிரி_மாங்கூழ் (திரியைத் தொடங்கியவர்):
நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து ராயக்கோட்டைத் தக்காளி மண்டியை வைத்து 22 நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்தோம். நாயகன் எங்கள் ஊர்ப் பள்ளி ஆசிரியர், மேடைப் பழக்கம்கூட இல்லாதவர். விலை விழுந்த அன்று விவசாயி கூடையை ரோட்டோரம் கவிழ்க்கும் காட்சி. கொட்டி முடித்ததும் கூடையின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரே ஒரு பழத்தை எடுத்து, வேட்டியில் துடைத்து, மடியில் கட்டிக்கொள்வார். அது நாங்கள் எழுதியது இல்லை, அவராகச் செய்தது.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண மண்டபத்தில் திரையிட்டோம். விளக்கை அணைத்ததும் மனுஷன் எழுந்து வெளியே போய்விட்டார். கைதட்டல் எல்லாம் ஓய்ந்த பிறகுதான் உள்ளே வந்தார். சரி, போகட்டும், 30 விநாடி ரீல்ஸ் ஒன்று பேசிக் கொடுங்கள் சார் என்றால் அதற்கும் மாட்டேன் என்கிறார். கடன் வாங்கி எடுத்த படம் ஐயா இது! ஹாலிவுட்டில் ஆடம் டிரைவர், ஜானி டெப் எல்லாம் தங்கள் படத்தைப் பார்க்க மாட்டார்களாம், அஜித் புரமோஷனுக்கு வர மாட்டார். அவர்களுக்குக் கட்டுபடியாகும். எங்கள் வாத்தியாருக்கு என்ன வந்தது?

தொப்பூர்_கணவாய்:
திமிர்தான், வேறென்ன. பத்து வருஷம் தர்மபுரியில் தியேட்டர் கேன்டீன் எடுத்து நடத்திய குடும்பம் எங்களுடையது. பட விநியோகத்தில் சேலம் ஏரியா என்று ஒன்று இருக்கிறது. சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி சேர்ந்தது. அந்த ஏரியாவை வாங்கியவர் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளில் போட்டதை எடுத்தால்தான் உண்டு. திங்கட்கிழமை காலைக் காட்சிக்கு 14 பேர் வந்தால் என் அப்பா எத்தனை பப்ஸ் வாங்கி வைப்பார்? நடிகர் வந்து நாலு வார்த்தை பேசினால் அந்தப் பதினாலு நாற்பது ஆகும். சம்பளத்தை வாங்கிக்கொண்டு "எனக்குக் கூச்சம்" என்பது எந்த ஊர் நியாயம்?

பரிசல்காரன்:
அண்ணா, 2011ல் அஜித் ரசிகர் மன்றங்களையே கலைத்தார். நாலு மாதம் கழித்து மங்காத்தா வந்தது. மன்றமும் இல்லை, மேடையும் இல்லை. அந்தப் படத்துக்கு உங்கள் கேன்டீனில் பப்ஸ் மிஞ்சியதா, சொல்லுங்கள். நல்ல படமே தனக்கு விளம்பரம் என்று அவர் தரப்பிலிருந்து 2022ல் ட்விட்டரில் போட்டார்கள், துணிவு வருவதற்கு முன்னால். அதோடு பேச்சு முடிந்தது.

தொப்பூர்_கணவாய்:
மிஞ்சவில்லை தம்பி. ஆனால் அஜித்துக்கு ஓடுவதை அளவுகோலாக வைத்தால் மற்ற 200 படங்களும் செத்தன. அவர் பேசாமல் இருப்பதையே டீக்கடையில் ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். அதுவே ஒரு புரமோஷன். புது ஆள் பேசாமல் இருந்தால் படம் வந்ததே யாருக்கும் தெரியாது. நயன்தாரா பொதுவாகப் பட விழாக்களுக்கு வராதவர் என்று பெயர் எடுத்தவர். ஆனால் 2022ல் கனெக்ட் படத்துக்கு உட்கார்ந்து பேட்டி கொடுத்தார். தயாரிப்பு யார்? கணவரின் கம்பெனி. வீட்டுக் காசு என்றால் வாய் திறக்கிறது, ஊரான் காசு என்றால் கூச்சம் வந்துவிடுகிறது.

பென்னாகரம்_டப்பிங்:
இரண்டு பேரும் ஒரே பானையில் இரண்டு குழம்பைக் கொதிக்க வைக்கிறீர்கள். தன்னைத் தானே பார்க்காமல் இருப்பது வேறு, விளம்பரத்துக்கு வராமல் இருப்பது வேறு. ஆடம் டிரைவரையே எடுங்கள். 2019ல் மேரேஜ் ஸ்டோரி படத்துக்காக அமெரிக்க என்.பி.ஆர். வானொலியின் நேர்காணல் நிகழ்ச்சிக்குப் போனார். விளம்பரத்துக்காகத்தானே போனார்? அந்தப் படத்தில் அவர் பாடுகிற துண்டைப் போட்டதும் எழுந்து போய்விட்டார். தன் குரலைக் கேட்கப் பிடிக்காது என்று அதே நிகழ்ச்சியில் 2015லேயே சொல்லியிருந்தவர். அதாவது விளம்பரத்துக்குச் சரி, பார்ப்பதற்கும் கேட்பதற்கும் இல்லை. அஜித் இதற்கு நேர்மாறு. மேடை வேண்டாம் என்கிறாரே தவிர, தன் படத்தைப் பார்க்க மாட்டேன் என்று அவர் சொன்னாரா?

இன்னொன்று. நான் சென்னையில் டப்பிங் ஸ்டுடியோவில் இருக்கிறேன். நம் தமிழ் நடிகருக்கு "பார்க்க மாட்டேன்" என்று சொல்லும் வசதியே பெரும்பாலும் கிடையாது. விருமாண்டி மாதிரி படப்பிடிப்பிலேயே குரலைப் பதிவு செய்த படங்கள் குறைவு. மற்றதெல்லாம் பிறகு பேசுவதுதான். இருட்டு அறை, எதிரே உன் முகம், நாலு விநாடித் துண்டு, திரும்பத் திரும்ப ஓடும். உதடு சேரும்வரை விட மாட்டார்கள். ஒரு நடிகர் தான் அழுகிற காட்சியை 31 தடவை பார்த்துவிட்டு, "இந்த ஆள் ஏன் மூக்கை இப்படி உறிஞ்சுகிறான்" என்று என்னிடம் கேட்டார். இந்த ஆள் என்றார், நான் என்று சொல்லவில்லை.

கட்டியங்காரன்:
மூக்கு உறிஞ்சல் என்றதும் என் மாமா நினைப்பு வந்துவிட்டது. பாப்பாரப்பட்டிப் பக்கம் கூத்துக் கட்டுபவர். முப்பது வருஷமாகத் துரியோதனன் வேஷம். திரௌபதி அம்மன் கோவில் பாரதக் கூத்து என்றால் பதினெட்டாம் போர்க் கூத்துக்கும் துரியோதனன் விழுகிற படுகளத்துக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கூத்துக்காரன் தன் வேஷத்தை எப்போது பார்க்கிறான் தெரியுமா? அரிதாரம் பூசும்போது, இடது கையில் பிடித்த உடைந்த கண்ணாடியில். அதிலும் ஒரு கன்னம்தான் தெரியும். கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி முடித்த பிறகு முழு உருவத்தைப் பார்ப்பது ஊர்தான், அவர் இல்லை.

நாலு வருஷம் முன்னால் ஒரு பையன் விடிய விடியப் படம் பிடித்து யூடியூபில் போட்டான். மாமா செல்போனில் பத்து நிமிஷம் பார்த்தார். "என் குரல் இவ்வளவு கீச்சுக் குரலாடா?" என்றார். நம் குரல் நமக்கு மண்டை எலும்பு வழியாகவும் கேட்கும், அதனால் கனமாகத் தெரியும், பதிவில் அந்தக் கனம் இருக்காது, எல்லோருக்கும் இப்படித்தான் என்று எவ்வளவோ சொன்னேன். மண்டையில் ஏறவில்லை. அடுத்த கூத்தில் குரலை இறக்கிப் பாடப் போனார். நடு ஜாமத்துக்கு மேல் தொண்டை கட்டிக்கொண்டது. ஆர்மோனியக்காரர் கட்டையை மாற்றிப் பார்த்தார், நடக்கவில்லை. பாதிப் பாட்டைப் பின்பாட்டுக்காரர்தான் இழுத்து முடித்தார். துரியோதனன் வாயை மட்டும் அசைத்தான். அன்றிலிருந்து அவர் செல்போனில் கூத்து பார்ப்பதில்லை. இதைத் திமிர் என்பீர்களா?

தொப்பூர்_கணவாய்:
உங்கள் மாமாவைக் குறை சொல்லவில்லை. ஆனால் கூத்தில் விளம்பரம் இல்லையா? பொழுது சாய்ந்ததும் மத்தளத்தையும் தாளத்தையும் நாலு ஊருக்குக் கேட்கிற மாதிரி அடித்து ஆள் சேர்ப்பது எதற்கு? அதைவிட, உங்கள் மாமா திரைக்குப் பின்னால் நின்று தன் குலப் பெருமை, படைப் பெருமை எல்லாம் அரை மணி நேரம் பாடிவிட்டுத்தானே முகத்தைக் காட்டுகிறார்? ஆடியோ லான்ச்சில் எந்த ஹீரோ அவ்வளவு நேரம் தன்னைப் புகழ்ந்துகொள்கிறான்?

கட்டியங்காரன்:
அங்கே பெருமை பேசுவது துரியோதனன், என் மாமா இல்லை. வேஷத்தைக் கலைத்துவிட்டு, தேங்காய் எண்ணெய் தடவி முகத்தைத் துடைத்த பிறகு, "நேற்று நான் எப்படி?" என்று யாரிடமும் கேட்டதில்லை. பேட்டியில் உட்கார்பவன் வேஷம் இல்லாமல் வேஷம் கட்ட வேண்டியிருக்கிறது. வாத்தியாருக்கு அதுதான் வரவில்லை என்று நினைக்கிறேன்.

ஊத்தங்கரை_ஃபாஸ்ட்_பவுலர்:
நான் டிவிஷன் கிரிக்கெட் மேட்ச் ஆடுகிறவன். என் ரன்னப்பை வீடியோ எடுத்துப் பார்த்துத்தான் நோபாலைத் திருத்தினேன். பார்க்காமல் எப்படி முன்னேறுவது? பயந்து கண்ணை மூடுவதைக் கலை என்று சொல்லாதீர்கள்.

பென்னாகரம்_டப்பிங்:
நோபாலுக்குக் கோடு இருக்கிறது தம்பி, நடிப்புக்கு எங்கே கோடு? கூடையிலிருந்து அந்த ஒரு பழத்தை எடுத்தது அழகு என்று வாத்தியார் திரையில் பார்த்துவிட்டார் என்று வை. அடுத்த படத்தில் அவர் கை தானாக எதையாவது தேடும். "இங்கே ஒன்று செய்யலாமா சார்?" என்பார். அதோடு முடிந்தது. பார்த்துப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொண்டவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் அது மருந்து இல்லை.

தொப்பூர்_கணவாய்:
சரி, பார்ப்பதை விட்டுவிடுகிறேன். அது அவரவர் பாடு. விளம்பரத்தை விட மாட்டேன். 2023ல் ஹாலிவுட் நடிகர் சங்கம் 118 நாள் வேலைநிறுத்தம் செய்தது. நடிக்கக் கூடாது என்பதோடு, எடுத்து முடித்த படத்துக்கு விளம்பரமும் செய்யக் கூடாது என்றார்கள். லண்டன் சிறப்புக் காட்சிக்கு வந்திருந்த ஓப்பன்ஹைமர் நடிகர்கள் படம் தொடங்கும் முன்பே கிளம்பிப் போனார்கள். விளம்பரமும் வேலை என்று நடிகர் சங்கமே ஒப்புக்கொண்டது. பிறகு வேலையைச் செய்ய வேண்டியதுதானே?

பரிசல்காரன்:
வேலை என்றால் கூலி பேசுங்கள் அண்ணா. மாங்கூழ், நீங்கள் வாத்தியாருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?

கிருஷ்ணகிரி_மாங்கூழ்:
...மூன்று நாள் சாப்பாடு. ஒரு சால்வை.

தொப்பூர்_கணவாய்:
அட, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! சால்வைக்கு ரீல்ஸ் வேறு கேட்கிறீர்களா? நான் சம்பளம் வாங்குகிறவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

கிருஷ்ணகிரி_மாங்கூழ்:
இரண்டு நாள் கழித்து வருகிறேன். இடையில் அஜித்தா விஜய்யா என்று போன முப்பது பதிவுகளை நான் படிக்கவில்லை, மன்னிக்கவும்.

நேற்று வாத்தியார் வீட்டுக்குப் போனேன். திட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன். காபி கொடுத்தார். "திரையில் என்னைப் பார்த்தால் எங்கப்பா மாதிரி இருக்கிறேன்டா. அவரும் தக்காளி போட்டவர்தான்" என்றார். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த திரையிடல் காவேரிப்பட்டினத்தில். வருகிறாராம். படம் ஓடும்போது வெளியே டீக்கடையில் நிற்பாராம், முடிந்ததும் கூப்பிட்டால் உள்ளே வந்து கேள்விக்குப் பதில் சொல்வாராம். அதோடு, இன்று விடியற்காலை நாலரை மணிக்கு மண்டிக்குப் போய் எங்கள் நோட்டீஸில் நூறை லாரிக்காரர்களிடம் அவரே கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மண்டிக்காரர் போன் பண்ணித்தான் தெரியும்.

தொப்பூர்_கணவாய்:
நோட்டீஸில் அவர் போட்டோ இருக்கிறதா?

கிருஷ்ணகிரி_மாங்கூழ்:
இல்லை. கூடை மட்டும்தான்.