கிக்-ஆஸ் 2 எங்க ரூமையே ரெண்டாக்கிருச்சு, உங்களுக்கு எப்படிங்க இருந்துச்சு?

ஓவர்லாக் பையன், திருப்பூர்:
ஞாயித்துக்கிழமை கம்பெனி லீவுங்க, ரூம்ல நாலு பேரு ஒட்டுக்கா உக்காந்து லேப்டாப்புல கிக்-ஆஸ் 2ங்கற இங்கிலீசுப் படம் பாத்தோம். மொத பாகம் முந்துன நாள் ராத்திரிதான் பாத்தது, அதனால எல்லாம் அப்படியே ஞாபகத்துல இருந்துச்சு. முடிஞ்சதும் ரெண்டு பேரு செம்மைன்னு குதிக்கறானுங்க, என்ற மாமன் பையன் பாதியிலயே போர்வைய இழுத்துப் போத்திட்டுப் படுத்துட்டான், எனக்கு எந்தப் பக்கம் சேர்றதுன்னே தெரியல. சிரிச்சேன், இல்லீன்னு சொல்லல, ஆனா படுத்தப்புறம் என்னமோ வெசனமா இருந்துச்சு. 2010ல வந்தது கிட்டத்தட்ட 3 கோடி டாலர்ல எடுத்து 9.6 கோடி பாத்துச்சாம், 2013ல வந்த இது 2.8 கோடி போட்டு 6 கோடியோட நின்னுருச்சாம். அதே வருஷம் வந்த அயர்ன் மேன் 3க்கு மட்டும் 20 கோடி டாலர் முட்டுவழிங்க, அதுக்கு முன்னால இதெல்லாம் சில்லறைக்காசு. அப்ப காசு பத்தாமப் போனதுதான் கோளாறா? பாத்தவங்க சொல்லுங்க.

காங்கேயம் காளை:
தம்பி, காசுல கோளாறு இல்ல. மொத படத்துக்கும் எங்க இருந்துச்சு காசு, பெரிய ஸ்டுடியோக்காரங்க ஒருத்தனும் தொடலைன்னு டைரக்டர் மேத்யூ வான் வெளியில பணம் பொரட்டித்தான் எடுத்தாரு. அதுல டேவ்னு ஒரு சாதாரண ஸ்கூல் பையன் கிக்-ஆஸ்னு பேரு வெச்சுக்கிட்டு சூப்பர் ஹீரோ ஆகறேன்னு பச்சை டைவிங் சூட்டை ஆன்லைன்ல வாங்கி மாட்டிட்டு மொத சண்டைக்குப் போவான் பாரு, வயித்துல கத்திக்குத்து, தள்ளாடி ரோட்டுக்கு வந்தா கார் வந்து அடிச்சுத் தூக்கிரும். நான் மூணாவது படிக்கறப்ப சக்திமான் பாத்துட்டு கழுத்துல துண்டைக் கட்டி மோட்டார் ரூம் மேல இருந்து சுத்திக்கிட்டே குதிச்சவன். மொழங்கை பெசகிப்போயி, எங்கப்பாரு சைக்கிள்ல வெச்சுக் கட்டுப் போடறவருகிட்ட கொண்டு போனாரு, அவரு மூங்கிப் பத்தை வெச்சு முட்டை வெள்ளைக்கருவையும் உளுந்து மாவையும் அப்பிக் கட்டுனாரு, அந்த நாத்தம் ஒன்றரை மாசம் கூடவே இருந்துச்சு. அதனாலயோ என்னமோ அந்தக் கார் அடிக்கற எடத்துல என்ற கை வலிச்சுது.
ரெண்டாவதுல யாரு அடி வாங்குனாலும் நமக்கு வலிக்க மாட்டேங்குது. பையனைக் காப்பாத்த நாந்தான் கிக்-ஆஸ்னு பொய் சொல்லி டேவோட அப்பன் உள்ள போயி சாகறாரு, சவ அடக்கத்துலயே வந்து சுடறானுங்க. எவ்வளவு பெரிய விசயம்! கண்ணு கலங்கறதுக்குள்ள அடுத்த காமெடி, எழவூட்டுக்குச் சீர்த்தட்டு தூக்கிட்டு வந்தாப்ல. இந்தத் தடவ வான் தயாரிப்போட நின்னுக்கிட்டாரு, டைரக்சன் ஜெஃப் வாட்லோ. அங்கதான் பிசகிருச்சுங்கறது என்ற கணக்கு.

கோபி அம்மிணி:
காளை அண்ணா கோவிச்சுக்காதீங்க, எனக்கு ரெண்டாவதுதான் புடிச்சுது, பாதியாச்சும். டேவோட கூட்டாளிப் பொண்ணு மிண்டி, இனிமே ஹிட்-கேர்ள்ங்கற சூப்பர் ஹீரோ வேசம் போடமாட்டேன்னு அவளை வளக்கற மார்க்கஸுக்கு வாக்குக் குடுத்துட்டு ஸ்கூலுக்குப் போறாளே அந்தப் பகுதி. பத்து ரவுடிய ஒத்தையில வெட்டிச் சாய்ச்சவ, நாலு பிள்ளைங்க சிரிக்கற சிரிப்புல சுருங்கிப் போறா. நான் கோபியில இருந்து கோயமுத்தூர் ஹாஸ்டலுக்குப் போன மொத வாரம் "ஏனுங்"ன்னு கூப்பிட்டதுக்கே ஒரு மேசை மொத்தமும் சிரிச்சுது, மூணு நாள் மெஸ்ஸுக்கே போகல, ரூம்ல கம்முனு ரஸ்க் தின்னுட்டுக் கெடந்தேன். அதனால காட்டுக்குள்ள அவளைக் கூட்டிட்டுப் போயி விட்டுட்டு வர்ற எடம் எனக்கு எந்தச் சண்டைய விடவும் பெருசு.
அதுக்கு அவ பழி வாங்கறது, வாந்தி பேதின்னு, ரொம்ப எச்சு. கையில இருந்த டீய அப்படியே கீழ வெச்சுட்டேன். அதைக்கூட மன்னிச்சுரலாம். வில்லன் ஒரு பொண்ணைப் பலவந்தம் பண்ண வர்றதைச் சிரிப்பாக்கி வெச்சிருக்காங்க பாருங்க, அதை மன்னிக்கவே மாட்டேன்.

தறிக்காரன் சோமனூர்:
ஜிம் கேரிய ஒருத்தரும் பேசலையேங்க. படத்துல உருப்படியான ஆளே அவரு நடிச்ச அந்தக் கர்னல்தான், அவரையும் பாதியிலயே காலி பண்ணிட்டானுங்க. நடிச்சு முடிச்சுட்டு, படம் வர்றதுக்கு ரெண்டு மாசம் முன்னால, 2013 ஜூன்ல, இவ்வளவு வன்முறைய ஆதரிக்க என்ற மனசு ஒப்பலைன்னு ட்விட்டர்ல போட்டாரு. 2012 டிசம்பர்ல அமெரிக்காவுல சாண்டி ஹூக் ஸ்கூல்ல 20 கொழந்தைகளையும் 6 பெரியவங்களையும் சுட்டுக் கொன்னாங்கள்ல, அதுக்கப்புறம் வந்த மனசு. சிலபேரு காசை வாங்கிட்டு இப்பப் பேசறான்னு திட்டறாங்க, எனக்கு அப்படித் தோணல. அத்தனை கொழந்தை செத்த பொறவு மனசு மாறாம இருந்தாத்தான் கேள்வி கேக்கணும். ஆனா அதைத் தெரிஞ்சுக்கிட்டுப் பாத்தா அவரு வர்ற சீன்ல சிரிக்க முடியறதில்லீங்க.

ஓவர்லாக் பையன், திருப்பூர்:
அம்மிணி அக்கா, நீங்க கடைசியா சொன்ன எடத்துல நானும் சிரிச்சேனுங்க. அந்த வெசனம் எங்கிருந்து வந்துச்சுன்னு இப்பத்தான் தெரியுது. காளை அண்ணன் எழுதுனதை மாமன் பையனுக்குப் படிச்சுக் காட்டி, நீ தூங்குனதுக்குக் காரணம் இதுதானடான்னு கேட்டேன். அவன் "போடா, ரெண்டு நாளா நைட் ஷிப்டு, எனக்கு என்ன படம்னே தெரியாது"ங்கறான்.