க்ளே பார் கருப்பாயிடுச்சு, கழுவிட்டு திரும்ப யூஸ் பண்ணலாமா? பாதி வண்டி பாக்கி இருக்கு

தண்டவாளப்பக்கம்:
எல்லாருக்கும் வணக்கம். பெங்களூர் கே.ஆர்.புரம், வெள்ளை ஹேட்ச்பேக். பேஸ்மென்ட் பார்க்கிங் கிடைக்கல, அதனால ரயில் லைன் ஒட்டின காம்பவுண்டு சுவர் பக்கம் ஓபன்லதான் வண்டி நிக்குது. நல்லா வாஷ் பண்ணினதுக்கு அப்புறமும் பானெட், ரூஃப், டிக்கி எல்லாம் கை வச்சா உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கு, கிட்ட குனிஞ்சு பார்த்தா ஊசிமுனை அளவுக்கு ஆரஞ்சு புள்ளி. ஜே.சி. ரோட்ல 100 கிராம் மீடியம் க்ளே பார் (பெயிண்ட்ல ஒட்டின துகளை இழுத்து எடுக்குற களிமண் மாதிரி கட்டி) ஒண்ணு வாங்கி பானெட்டும் ரூஃபும் முடிச்சேன், செம வழவழப்பு, ஆனா க்ளே முழுக்க பழுப்பும் கருப்புமா ஆயிடுச்சு. கதவு, பின்பக்கம் எல்லாம் இன்னும் தொடவே இல்ல. இதை பாத்திரம் கழுவுற லிக்விட்ல ஊறவச்சு கழுவினா அழுக்கு போயிடுமா? கூட வந்த லூப் (க்ளே வழுக்கிட்டுப் போக அடிக்கிற ஸ்ப்ரே) பாட்டிலும் தீர்ந்துபோச்சு, அதுக்கு பதிலா வேற என்ன அடிக்கலாம்? மிச்ச க்ளேயை எப்படி எடுத்து வைக்கணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

அல்சூர்_பக்கெட்:
நான் குழாய் தண்ணில காட்டி, டிஷ்வாஷ் ரெண்டு சொட்டு விட்டு தேய்ச்சுதான் வச்சுக்கறேன் ப்ரோ, நல்லாவே வெளுத்துடும். சும்மா தூக்கிப் போடாதீங்க, காசு குடுத்து வாங்கினது.

பூத்வாசி:
அல்சூர் தம்பி, அந்த வெளுப்பை நம்பாதீங்க. நான் டீடெய்லிங் ஷாப்லயே வேலை பாக்கிறவன், இதுல ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். க்ளே அழுக்கை மேல ஒட்ட வச்சுக்கறது இல்ல, தனக்குள்ள புதைச்சுக்குது, அதுதான் அதோட வேலையே. நீங்க கழுவும்போது போறது மேல இருக்குற லூப்பும் அழுக்குத் தண்ணியும் கலந்த கூழ் மட்டும்தான், உள்ள இருக்குற இரும்புத்தூள், மணல் எல்லாம் அங்கேயே இருக்கும், பாக்க சுத்தமா இருக்குறதால நீங்களும் தைரியமா அழுத்தித் தேய்ப்பீங்க. கோடு விழறது அப்பதான். அதுவும் இல்லாம டிஷ்வாஷ்ல ஊறினா சில க்ளே கொழகொழன்னு ஆகி பெயிண்ட்லயே உதிர்ந்து ஒட்டிக்கும். பெட்ரோல், தின்னர் பக்கமே போகாதீங்க, க்ளே கரைஞ்சுடும்.

க்ளேயை சுத்தம் பண்றதுன்னா மடிக்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு பேனல்ல பாதி முடிஞ்சதும் திருப்பிப் பாருங்க, கறை தெரிஞ்சா ரெண்டா மடிச்சு பிசைஞ்சு புது முகத்தை வெளிய கொண்டு வாங்க. நகத்துல நெருடுற மாதிரி ஏதாவது துகள் தட்டுப்பட்டா அந்த இடத்தை அப்படியே கிள்ளி எறிஞ்சுடுங்க. எப்படி மடிச்சாலும் அதே கலர்தான் வருதுன்னா பெயிண்டுக்கு அதோட ஆயுசு முடிஞ்சது.

தண்டவாளப்பக்கம்:
அண்ணா ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமா யாரும் சொல்லல. ஆனா மடிச்சுப் பார்த்தேன், உள்ளயும் பழுப்பாதான் இருக்கு. ரெண்டு பேனலுக்கே ஒரு பார் காலின்னா மொத்த வண்டிக்கு எத்தனை பார் வாங்குறது?

பூத்வாசி:
கேக்க வேண்டியதை சரியா கேட்டீங்க. கழுவி மிச்சம் பண்றதை விட, க்ளேக்கு வேலையே கம்மியா குடுக்கணும். ஆரஞ்சு புள்ளின்னு சொன்னீங்கல்ல, அது ரயில் பக்கம் பறக்குற இரும்புத்தூளும் பிரேக் தூளும் பெயிண்ட்ல குத்தி துருப்பிடிச்சது. க்ளே அதோட தலையை இழுத்துடும், சிலசமயம் வேர் உள்ளயே தங்கிடும், கொஞ்ச நாள்ல திரும்ப அதே இடத்துல புள்ளி. அதனால முதல்ல அயர்ன் ரிமூவர். நிழல்ல, பெயிண்ட் சூடு இல்லாம இருக்கும்போது அடிங்க, அதுல இருக்குற தயோகிளைகோலேட் இரும்போட சேர்ந்ததும் ஊதா கலர்ல வழியும், அழுகின முட்டை வாடை அடிக்கும் பயப்படாதீங்க, கிளவுஸ் போட்டுக்கோங்க. பாட்டில்ல போட்டிருக்கிற நேரம் மட்டும் விடுங்க, காய விடாம நல்லா அலசிடுங்க. கீழ்ப்பக்கம் தார் புள்ளி இருந்தா அதுக்கு தார் ரிமூவர். இதெல்லாம் முடிஞ்சப்புறம் மிச்சம் இருக்குறதுக்குத்தான் க்ளே, அப்ப பாருங்க எவ்வளவு நாள் வருதுன்னு. புது பாரை முழுசா எடுக்காதீங்க, நாலா வெட்டி ஒரு துண்டு மட்டும். கை தவறி கீழ விழுந்தா அந்த ஒரு துண்டு மட்டும்தான் போகும். விழுந்தா யோசிக்கவே யோசிக்காதீங்க, கழுவிப் பாக்குற பேச்சே வேணாம், குப்பை.

டிடிஎஸ்_எதிரி:
அலசுறதுன்னு ஈசியா சொல்லிட்டீங்க, பெங்களூர்ல தண்ணிதான் பெரிய தலைவலி. 2024 மார்ச்ல குடிநீர் வாரியம் குடிதண்ணியில வண்டி கழுவினா 5,000 ரூபா அபராதம்னு சொன்னது ஞாபகம் இருக்கும். போர்வெல் தண்ணியோ அப்பார்ட்மென்ட் எஸ்டிபி (கழிவுநீரை சுத்திகரிச்சு வர்ற) தண்ணியோ அடிச்சா உப்பு அதிகம், காஞ்சதும் வெள்ளை வட்டம் வட்டமா நிக்கும், அதை க்ளேல எடுக்க முடியாது, அது அழுக்கு இல்ல, பெயிண்ட்ல படிஞ்ச சுண்ணாம்பு. நான் பண்றது என்னன்னா, எஸ்டிபி தண்ணிலயே அலசிட்டு, காயறதுக்குள்ள ரின்ஸ்லெஸ் வாஷ் (அலசத் தேவையில்லாத கார் வாஷ் லிக்விட்) கலந்த ஆர்ஓ தண்ணி ஒரு பக்கெட்ல மைக்ரோஃபைபர் முக்கி துடைச்சுடுவேன். அதே ரின்ஸ்லெஸ் வாஷை கொஞ்சம் கெட்டியா, ஒரு லிட்டருக்கு 15 மில்லி கணக்குல ஸ்ப்ரே பாட்டில்ல கலந்தா அதுவே உங்க லூப், தனியா வாங்கவே வேணாம். வாக்ஸ் கலக்காத கார் ஷாம்புவும் ஓகே, என்ன சீக்கிரம் காயும், அடிச்சுக்கிட்டே இருக்கணும். க்ளே தடக்குன்னு பிடிச்சு இழுத்தா லூப் பத்தலன்னு அர்த்தம்.

ஹெப்பால்_கருப்புசெடான்:
எனக்கு க்ளே மிட்தான் (கையில மாட்டிக்கிற கிளவுஸ் மாதிரி) வசதி. ரப்பர் மாதிரி பாலிமர் முகம் இருக்கும், அழுக்கு உள்ள புதையாது, பக்கெட்ல ஒரு அலசு அலசினா ரெடி, எத்தனையோ தடவை வரும். கீழ விழுந்தா கூட நல்லா கழுவி, விரலால தடவி செக் பண்ணிட்டு யூஸ் பண்ணலாம். ஆனா என் வண்டி கருப்பு, மிட் அடிச்சப்புறம் லேசா மங்கல் தெரிஞ்சுது, பாலிஷ் போட வேண்டியதாச்சு. வெள்ளையில அவ்வளவா தெரியாது.

அல்சூர்_பக்கெட்:
அக்கா சொல்றது சரி, கழுவிக் கழுவி யூஸ் பண்ணணும்னா மிட்தான் போல. அண்ணா, நல்லா இருக்குற க்ளே துண்டை எதுல வைக்கிறது? என்னுது கல்லா இறுகிடுது.

பூத்வாசி:
லூப் நாலு ஸ்ப்ரே அடிச்சு, அது வந்த பிளாஸ்டிக் டப்பாலயோ ஜிப் கவர்லயோ காத்து போகாம மூடுங்க. டிஷ்யூல, துணில சுத்தாதீங்க, நூல் ஒட்டிக்கும். வெயில்ல நிக்கிற வண்டிக்குள்ள விடாதீங்க, உருகி வழியும். இறுகியிருந்தா வெதுவெதுப்பான தண்ணில கொஞ்சநேரம் போட்டு பிசைங்க, பிசையும்போது உதிர்ந்தா பெயிண்டுக்கு வேணாம். அந்த கருப்பான பாரையும் எறிய வேணாம் தம்பி, கண்ணாடிக்கும் வீலுக்கும் வச்சுக்கோங்க, டப்பா மேல மார்க்கர்ல எழுதி வைங்க. வீல் தொட்ட க்ளே திரும்ப பெயிண்ட் பக்கம் வரவே கூடாது.

தண்டவாளப்பக்கம்:
அப்டேட். அயர்ன் ரிமூவர் அடிச்சேன், டிக்கி கதவுல ஊதா கலர் ஆறா ஓடுச்சு, வாடை பயங்கரம். அதுக்கப்புறம் புது பாரோட கால் துண்டுல நாலு கதவும் பின்பக்கமும் முடிஞ்சு, துண்டுல இன்னும் வெள்ளை முகம் மிச்சம் இருக்கு! பழைய பார் விண்ட்ஷீல்டுக்கு போயிடுச்சு. இடது பின்கதவுல மட்டும் சாம்பல் கலர்ல கெட்டியா சில புள்ளி, க்ளே அதுமேல ஏறி இறங்குது, அசையவே இல்ல. அவுட்டர் ரிங் ரோட்ல மெட்ரோ வேலை நடக்குற பக்கம்தான் தினமும் போறேன்.

பூத்வாசி:
அதுல க்ளேயை தேய்க்கறதை இப்பவே நிறுத்துங்க. அது அனேகமா சிமென்ட், உடைஞ்சு க்ளேல மாட்டினா கதவு பூரா கோடு. வெள்ளை வினிகர் நனைச்ச துணியை புள்ளி மேல கொஞ்சநேரம் போட்டு வைங்க, இளகினதும் தண்ணி விட்டு அலசுங்க, நகத்தால சுரண்டாதீங்க, போகலன்னா திரும்ப நனைங்க. மொத்தமும் முடிஞ்சதும் அன்னைக்கே வாக்ஸோ சீலன்ட்டோ போட்டுடுங்க, க்ளே பழைய வாக்ஸையும் எடுத்திருக்கும், வெறும் பெயிண்ட்ல ரயில் தூள் சட்டுன்னு குத்தும்.

தண்டவாளப்பக்கம்:
சரிண்ணா. அடுத்தது எத்தனை மாசத்துக்கு ஒருதடவை க்ளே பண்ணணும்?

பூத்வாசி:
மாசக் கணக்கு வேணாம். வாஷ் பண்ணி துடைச்சதும் கையில மெல்லிசான பிளாஸ்டிக் கவர் மாட்டிக்கிட்டு பானெட்டை தடவுங்க, நெருடினா பண்ணுங்க, இல்லன்னா விட்டுடுங்க.