ரங்கநாதன் தெருவில் நுழைந்தால் தரை ஆடுகிறது. யாருக்காவது இப்படி உண்டா?

கேள்வி – குரோம்பேட்டைக்காரி

வயது 43. ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். தை மாதம் ஒரு விடியற்காலை, படுக்கையில் இடது பக்கம் புரண்டதும் ஃபேன், சுவர், பீரோ எல்லாம் சுற்றின. காது டாக்டரிடம் போனேன். காதுக்குள் இருக்கிற சுண்ணாம்புத் துகள் இடம் மாறிவிட்டது என்று சொல்லி, தலையை அப்படியும் இப்படியும் திருப்பிப் படுக்கவைத்தார். இரண்டே தடவையில் அது போய்விட்டது.

இப்போது சுற்றுவதில்லை, மிதக்கிறது. தோணியில் நிற்கிற மாதிரி. வீட்டில் பெரிதாகத் தெரியாது. மாம்பலத்தில் இறங்கி ரங்கநாதன் தெருவுக்குள் போனால் போச்சு. இரண்டு பக்கமும் தொங்குகிற நைட்டிகள், பாத்திரக்கடைப் பளபளப்பு, எதிரே வருகிற தலைகள்... பத்தடியில் பாதம் பஞ்சாகிவிடும். போன வாரம் புடவைக் கடையில் ஒரு பையன் கட்டம் போட்ட புடவைகளாக உதறி உதறி விரித்தான். கட்டங்கள் நெளிய ஆரம்பித்ததும் அப்படியே ஜமக்காளத்தில் உட்கார்ந்துவிட்டேன். "அம்மாவுக்கு சோடா கொண்டா" என்று ஒரே களேபரம். என் நாத்தனார் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே!

எம்.ஆர்.ஐ., சர்க்கரை, பிரஷர் எல்லாம் நார்மல். டாக்டர் டென்ஷன் என்கிறார். மாமியார் பித்தம் என்கிறார். இஞ்சிச் சாறு குடித்துத் தொண்டை எரிந்ததுதான் மிச்சம். ஆவணியில் நாத்தனார் மகள் கல்யாணம். முகூர்த்தப் புடவை எடுக்க நான் வந்தே ஆக வேண்டுமாம். என்ன செய்வது?

பதில் – மலைக்கோட்டைவாசி

எனக்கு மாலில் எஸ்கலேட்டர். படிக்கோடுகள் நகர்வதைப் பார்த்தாலே கைப்பிடியை விடமாட்டேன். ஒரு வருஷம் அலைந்த பிறகு நரம்பியல் டாக்டர் ஒருவர் இதற்குப் பெயர் சொன்னார்: பி.பி.பி.டி. (பெர்சிஸ்டென்ட் போஸ்சுரல் பெர்செப்சுவல் டிஸினஸ்), அதாவது விடாமல் நீடிக்கிற கிறுகிறுப்பு. 2017இல் பாரானி சொசைட்டி என்ற சர்வதேச அமைப்பு இதற்கு அடையாளங்களை வரையறுத்தது. 3 மாதத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில் இந்த மிதப்பு இருக்கும். நின்றால், அசைந்தால், கண் முன்னால் நெரிசலான காட்சி வந்தால் கூடும். ஸ்கேனில் தெரியாது.

அவர் சொன்னது இது: நிமிர்ந்து நிற்க மூளை காது, கண், பாதம் மூன்றிடமும் சேதி கேட்கும். காது ஒரு தடவை பொய் சொன்னதும் கண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. காது சரியான பிறகும் விடுவதில்லை. எதிரே நூறு தலை நகர்ந்தால், நகர்வது நாமோ என்று குழம்பிப்போகிறது.

பதில் – வம்புவேண்டாம்

ஆன்லைனில் புடவை வாங்குங்கள். கடைக்குப் போனால் கூலிங் கிளாஸைக் கழற்றாதீர்கள். தீர்ந்தது.

பதில் – பிசியோ

பிசியோதெரபிஸ்டாகச் சொல்கிறேன், மேலே உள்ளதைக் கேட்காதீர்கள். ஒதுங்க ஒதுங்க மூளை பழகாது. கூட்டத்தை மருந்து மாதிரி அளந்து சாப்பிடுங்கள். செவ்வாய்க்கிழமை காலை, கடை திறந்த உடனே, 5 நிமிஷம். லேசாகக் கிறுகிறுக்கலாம், வெளியே வந்தால் அடங்க வேண்டும். நாள் முழுக்க நீடித்தால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம்.

இன்னொன்று, விழுந்துவிடுவோமோ என்று கழுத்தை விறைத்து, பாசிப் படியில் இறங்குகிற மாதிரி நடப்பீர்கள். அந்த விறைப்பே ஆட்டத்தைக் கூட்டும். தோளைத் தளர்த்தி, தூரத்துப் போர்டு ஒன்றைப் பார்த்து நடங்கள். தலைசுற்றல் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால் மூளை பழகுவது தள்ளிப்போகும், டாக்டரிடம் கேளுங்கள். பயிற்சியோடு, மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கிற எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரையும் தருவதுண்டு. மனநோய் என்று முத்திரை குத்திவிட்டார்களோ என்று பயப்படாதீர்கள். ஆனால் பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, ஒரு பக்கக் கை கால் பலவீனம், திடீரென்று காது கேளாமை, இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

குரோம்பேட்டைக்காரி

பெயர் இருக்கிறதே, அதுவே போதும். நேற்று மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ஸ்கைவாக்கில் நடந்து பார்த்தேன். பாதி தூரம் கம்பியைத் தொடவில்லை. அப்புறம் தொட்டேன்.

நாத்தனாரிடம் செவ்வாய் காலை போகலாம் என்றேன். "செவ்வாயில் யாராவது முகூர்த்தப் புடவை எடுப்பாங்களா அண்ணி?" என்று குதித்தாள். புதனுக்குச் சம்மதித்திருக்கிறாள்.