கம்பஸ் பிள்ளைகளுக்கு ஓர் அவசர நிதி: முந்நூறு டொலரில் நின்றுபோன படிப்பு

அன்புள்ள சம்பூர் உறவுகளுக்கு,

போன ஞாயிறு ஊருக்குக் கதைத்தபோது அக்கா சொன்ன விஷயம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. எங்கள் ஒழுங்கைப் பிள்ளை ஒன்று, கணினி விஞ்ஞானம் நாலாம் வருடம் படிக்கிறவள், திருகோணமலை டவுனில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறாளாம். லீவுக்கு நிற்கிறாளாக்கும் என்று நினைத்தேன். இல்லை, படிப்பை விட்டுவிட்டாள். தகப்பன் கடலுக்குப் போகிறவர், எஞ்சின் பழுதாகி இரண்டு மாதம் தொழிலில்லை. அந்த நேரம் பார்த்து அவளுடைய லப்டொப்பும் பழுதாகிவிட்டது, போர்டிங் வாடகையும் நிலுவை. தாயின் தோடு ஏற்கெனவே அடைவில் இருக்கிறது. எல்லாம் சேர்த்து 65,000 ரூபாய்தான், இங்கே ஏறக்குறைய முந்நூறு கனேடிய டொலர்.

வயதைக் கணக்குப் பார்த்தேன். 2006 இல் யுத்தத்தால் நாங்கள் ஊரை விட்டு ஓடியபோது அவளுக்கு நாலு வயது இருந்திருக்கும். வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து, பிறகு கிளிவெட்டியிலும் கட்டைபறிச்சானிலும் தகரக் கொட்டகைக்குள் வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். 2015, 2016 இல் காணி திரும்பக் கிடைத்த பிறகுதான் சொந்த வளவைக் கண்டார்கள். இவ்வளவையும் தாண்டி வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்துக் கம்பஸுக்குப் போன பிள்ளை கடைசி வருடத்தில் படிப்பை விட்டு நிற்பதை என்னால் தாங்க முடியவில்லை.

கம்பஸ் இலவசம்தானே என்று சிலர் கேட்பீர்கள். படிப்பிப்பதற்குக் காசில்லை, உண்மை. ஆனால் போர்டிங், சாப்பாடு, பஸ், டேட்டா எல்லாம் காசு. அரசாங்கம் கம்பஸ் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற மகாபொல உதவித்தொகை பல வருடமாக மாதம் 5,000 ரூபாயாகவே இருந்தது, 2025 வரவு செலவுத் திட்டத்தில்தான் 7,500 ஆக்கினார்கள், பெர்சரி என்ற மற்ற உதவித்தொகை 4,000 இலிருந்து 6,500. நல்லதுதான், ஆனாலும் அது மாதச் செலவில் ஒரு பங்குதான், ஒரு தவணை பிந்தினாலே கடன்தான். தொழில்நுட்பம் படிக்கிற பிள்ளைக்கு இன்னும் ஒரு கஷ்டம் இருக்கிறது. லப்டொப் இல்லாமல் ஒரு கிழமைகூட ஓடாது, புரொஜெக்ட் முழுக்க அதற்குள்தானே. அப்புறம் தொழிற்பயிற்சி. நல்ல இடமெல்லாம் கொழும்பில், அறை எடுக்க முற்பணம் கேட்பார்கள், முதல் மாதக் கொடுப்பனவோ மாத முடிவில்தான் கைக்கு வரும். அந்த ஒரு மாத இடைவெளியைத் தாண்டக் காசில்லாமல் கிடைத்த இடத்தையே வேண்டாம் என்று சொன்ன பிள்ளைகளை எனக்குத் தெரியும். பஸ் காசில்லாமல் விரிவுரைக்குப் போகாமல் விட்டால் வரவு 80 வீதத்துக்குக் கீழே போய்விடும், பரீட்சைக்கு விடமாட்டார்கள், அடுத்த பட்ச்சோடு திரும்ப எழுதினால் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் சி தரத்துக்கு மேலே தரமாட்டார்கள், பட்டத்தில் கிடைக்கிற கிளாஸும் போய்விடும். சில ஆயிரம் ரூபாய்க்கு ஒரு வருடம்.

அமெரிக்காவில் இதை ஏற்கெனவே யோசித்திருக்கிறார்கள். அட்லாண்டாவில் உள்ள ஜோர்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2011 இல் ஒரு திட்டம் தொடங்கியது. சிறிய தொகை நிலுவையால் பெயர் வெட்டப்படப்போகிற மாணவர்களைப் பல்கலைக்கழகமே பார்த்துத் தேடி அந்த இடைவெளியை நிரப்பிவிடும், பிள்ளை விண்ணப்பிக்கவே தேவையில்லை. சராசரி 900 டொலர் அளவில். உதவி பெற்ற கடைசி வருடக்காரரில் பெரும்பாலானோர் இரண்டு செமஸ்டருக்குள் பட்டம் எடுத்துவிட்டார்கள். ரூத் ஃபார்மர் என்ற பெண்மணி தொடங்கிய லாஸ்ட் மைல் எடியுகேஷன் ஃபண்ட் இதையே கணினி, பொறியியல் படிக்கிற வறிய மாணவர்களுக்கென்று செய்கிறது, அதுவும் பட்டத்தை நெருங்கியவர்களுக்கு. வாடகையும் சாப்பாடும் லப்டொப்பும் படிப்புச் செலவுதான் என்று அவர்கள் ஏற்றுக்கொண்டதுதான் எனக்குப் பிடித்தது.

எங்கள் சங்கம் வருடா வருடம் கம்பஸுக்கு எடுபட்ட பிள்ளைகளுக்கு மேடை போட்டு, மாலை போட்டுக் காசு கொடுக்கிறது. அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் உள்ளே போகும்போது கொடுத்துவிட்டு, மூன்றாம் நாலாம் வருடத்தில் அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. அதற்குத் தனியாக ஓர் அவசர நிதி வேண்டும். ஒருவருக்கு 75,000 ரூபாய் வரை, கேட்டு மூன்று நாளுக்குள் வங்கிக் கணக்கில் விழ வேண்டும். ஊரில் ஓர் ஆசிரியரும் சங்கத்தில் ஒருவரும் ஃபோனில் விசாரித்தால் போதும், ஜி.எஸ். (கிராம சேவகர்) கடிதம், வருமானச் சான்றிதழ் என்று அலையவிட்டால் அதற்குள் பரீட்சை முடிந்துவிடும். கடனாகக் கொடுக்கக் கூடாது. படம் எடுக்கவே கூடாது, ஃபேஸ்புக்கில் போடவே கூடாது, எங்கள் பிள்ளைகள் பட்டினி கிடந்தாலும் கிடப்பார்களே தவிரப் படத்துக்கு நிற்க வரமாட்டார்கள். பல்கலைக்கழகப் பிள்ளைகளோடு நிறுத்தாமல் டவுனில் எச்.என்.டி. (உயர் தேசிய டிப்ளோமா) ஐ.டி. படிக்கிற பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும், அவர்களை நாங்கள் எண்ணுவதே இல்லை.

நான் படித்த காலத்தில் மூதூருக்குப் போகிற லோஞ்சுக்கும் (படகுக்கும்) பரீட்சைக் கட்டணத்துக்கும் காசில்லாமல் துறைமுகத்தடியில் நின்றபோது, டவுனில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒரு ஐயா எதுவும் கேட்காமல் 800 ரூபாய் எடுத்துத் தந்தார். அதனால்தான் இன்று நான் இங்கே இருந்து எழுதுகிறேன், அவர் இன்று இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் ஆயிரம் டொலர் போடுகிறேன். லண்டனில், சுவிஸில், கட்டாரில் இருக்கிறவர்கள் மாதம் பத்தோ இருபதோ, உங்களால் முடிந்ததை எழுதுங்கள். கணக்குப் பார்க்க ஒருவர், ஊரில் விசாரிக்க இரண்டு பேர் வேண்டும். அந்தப் பிள்ளையின் காசை நான் நேற்றே அக்காவுக்கு அனுப்பிவிட்டேன், அடுத்த செமஸ்டருக்குத் திரும்பப் பதியலாம் என்று கம்பஸில் சொல்லியிருக்கிறார்களாம். அவளைப் போல இன்னும் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் பெயரைக் குழுவில் போடாமல் எனக்குத் தனியாக எழுதுங்கள்.