முதல் தோல்வியிலிருந்து மீள்வது எப்படி?

கேள்வி:
பட்டுக்கோட்டை அருகே கணித ஆசிரியையாகச் சேர்ந்து இரண்டாண்டுகள் ஆகின்றன. 2025 பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் என் மாணவர்கள் நால்வர் 35 மதிப்பெண் எடுக்க இயலாமல் போனதை என் தோல்வியாகவே எண்ணி உறக்கமின்றித் தவிக்கிறேன். மூத்தவர்கள் இதை எவ்வாறு கடந்தீர்கள்?

மறுமொழி 1:
அம்மா, துணைத் தேர்வு அதே ஆண்டில் நடைபெறுவதால் அவர்களுக்கு ஓராண்டு வீணாகாது. நால்வரின் வீட்டுக்கும் நேரில் செல்லுங்கள். விண்ணப்பிக்கும் நாள் கடந்துவிடக் கூடாது.

மறுமொழி 2:
நான் ஆசிரியன் அல்லன், பேராவூரணித் தென்னை விவசாயி. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல், என் தந்தை நட்ட மரங்களை ஒரே இரவில் வேரோடு சாய்த்தது. நெட்டை ரகம் காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும் என்று அறிந்தே மறுபடி நட்டோம். இடையில் உளுந்து விதைத்துக் காலத்தை ஓட்டினோம். சாய்ந்த மரங்களை எண்ணிக்கொண்டிருந்தவரை எனக்கும் உறக்கமில்லை. குழி வெட்டத் தொடங்கிய பிறகே வந்தது.

கேள்வி கேட்டவர்:
ஐயா, அந்தப் புயலின்போதும், 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோதும் இந்நால்வரும் தொடக்க வகுப்புகளில் இருந்தவர்கள் என்பது இப்போதுதான் உறைக்கிறது. பின்னங்களில் அவர்கள் தடுமாறுவதன் வேர் அங்கே இருக்கலாம். இருவர் வீட்டுக்குச் சென்று வந்துவிட்டேன். நாளை மாலை பின்னங்களிலிருந்தே தொடங்குகிறோம்.